முப்பத்து மூன்று மூன்று தரம்

கொக்குவில் நாகேந்திரத்தின் மூன்றாவது மகள் ஜெகதீஸ்வரி. தாய் சரோஜினிதேவி கட்டுவன் பக்கம். அந்தத் தாயின் ஒன்றுவிட்ட தம்பிதான் வெள்ளவத்தையில் இருந்த சிவபாதசுந்தரம். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணச் சனம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது தாயும் மகளும் சேர்ந்து நடந்தார்கள். தாய் சாவகச்சேரியிலேயே காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டாள். மகள் அடுத்த வருஷம் வவுனியா முகாமில் ஏழு கிழமை இருந்து, சிவபாதசுந்தரம் மாமா பொறுப்பு நின்று கையெழுத்து வைத்ததால் கொழும்புக்கு வந்து சேர்ந்தாள். முப்பத்து நாலு வயது, கலியாணம் ஆகவில்லை. கையில் ஒரு பயணப் பை. ஊரில் ரியூட்டரி ஒன்றில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவள் என்பதைத் தவிர வேறு சொத்துக் கிடையாது.

மாமாவும் மாமியும் மேல்மாடியில் ஓர் அறையைக் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு வீட்டுக்காரரின் அன்பு மட்டும் போதாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொலிஸில் பதிய வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: கொழும்பில் உனக்கு என்ன வேலை? அதற்குக் காட்ட ஒரு கடதாசி வேண்டும். கடதாசி இல்லாதவர்கள் வவுனியாவுக்குத் திரும்பிப் போனதை அவள் கண்ணால் கண்டிருந்தாள்.

அந்தக் கடதாசியைக் கொடுத்தவர் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் அதிபர் மரியகொறற்றி. இரண்டு ஆசிரியர்மார் கனடாவுக்குப் போய்விட்டார்கள், பதிலுக்கு ஆள் வரவில்லை. ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் மூன்றையும் ஒரே மண்டபத்தில் போட்டு, "தொண்டர் ஆசிரியையாக வாறீங்களா?" என்று கேட்டார். மகராசி கேட்டாவே என்று ஜெகதீஸ்வரி அன்றைக்கே ஓம் சொன்னாள்.

ஓம் சொன்னது சுகம், படிப்பிப்பதுதான் பாடு. மண்டபத்தில் நாற்பத்தொரு பிள்ளைகள். கரும்பலகையில் இரண்டு கோடு கீறி மூன்று பங்காகப் பிரித்தாள். மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் சொல்லிக் கொடுத்துத் திரும்பினால் ஒன்றாம் வகுப்பு மேசைக்குக் கீழே தவழும். அதுகளை இழுத்து இருத்திவிட்டு நிமிர்ந்தால், இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பின்னல் ரிபன் உட்கார்ந்திருக்கும் வாங்கோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். முதல் மாதம் பின்னேரங்களில் நூற்றைம்பத்தைந்து பஸ்ஸில் ஏறி யன்னல் கரையில் இருந்து அழுதுகொண்டுதான் வீட்டுக்குப் போனாள்.

ஒரு நாள் களைத்துப்போய், படிப்பிக்க மனமில்லாமல், "உங்கட வீட்டிலை ஆர் என்னத்தை எண்ணுறவை? எப்பிடி எண்ணுறவை?" என்று கேட்டாள். மண்டபம் அடங்கிவிட்டது. பிறகு எல்லாரும் ஒரேயடியாகக் கையை உயர்த்தினார்கள்.

ஒன்றாம் வகுப்பு நேசமலர், அம்மாவின் செபமாலையில் பத்துச் சின்ன மணிக்கு ஒரு பெரிய மணி வரும் என்றாள். இரண்டாம் வகுப்பு அழகுமுத்துவின் தகப்பன் ஒருகொடவத்தையில் சாக்கு இறக்குபவர். "நாலு கோடு போட்டு அஞ்சாவத குறுக்கால போடுவாரு டீச்சர். அது ஒரு கட்டு" என்று எழும்பி வந்து கீறியே காட்டினான். மூன்றாம் வகுப்பு ஜவாஹிறா, தன் உம்மா தொழுதபின் விரல் வரைகளில் முப்பத்து மூன்று எண்ணுவதைக் காட்டினாள். விரலுக்கு மூன்று, கைக்குப் பதினைந்து, இரண்டு தரம் முப்பது, பிறகும் ஒரு விரல்.

அன்றிலிருந்து ஜெகதீஸ்வரி பலகையைப் பிரிக்கவில்லை. மூன்று வகுப்புக்கும் ஒரே கணக்கு. சின்னதுகள் மணியாக எண்ணும், நடுவிலானதுகள் கட்டாகக் கட்டும், பெரியதுகள் பெருக்கும். ஒரு வரிசை சொன்ன விடையை மற்ற வரிசை சரிபார்க்கும். ரிபன் கட்ட ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

இப்படி எட்டு மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை மரியகொறற்றி அவளைக் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை கல்விக் கந்தோரால பெரியவர் ஒருத்தர் வாறார், பேரு இராஜநாயகம். தொண்டர் ஆசிரியர்மார வச்சிருக்கலாமா வேண்டாமா எண்டு அவர்தான் எழுதுவார். அவர் வேண்டாம் எண்டு எழுதினா, அடுத்த முறை உங்களுக்குக் கடிதம் தர எனக்கு அதிகாரம் இல்ல, ஜெகதீஸ்வரி. ஒளிக்காமச் சொல்லிட்டன்."

பதிவு முடிய இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

வீட்டில் மாமா யோசனை சொன்னார். "மணி, கோடு எல்லாத்தையும் அழிச்சுப்போடு பிள்ளை. வாய்ப்பாட்டைப் பாடமாக்கிவை. அவர் வந்த உடனை எழும்பி ஒரே குரலிலை ஒப்புவிக்கட்டும். கந்தோர் ஆக்களுக்கு அதுதான் பிடிக்கும்."

"நீங்கள் சும்மா இருங்கோ. உங்களுக்கே எட்டாம் வாய்ப்பாடு வராது" என்றாள் மாமி.

அவள் புதன்கிழமை மாமா சொன்னபடி செய்து பார்த்தாள். பலகையைத் துடைத்துவிட்டு மூன்றாம் வாய்ப்பாட்டை முழு மண்டபத்துக்கும் சொல்லிக் கொடுத்தாள். ஐந்தாவது தரம் சொல்லும்போது நேசமலர் நித்திரை. அழகுமுத்து கையை உயர்த்தி, "டீச்சர், இப்ப நாம என்னத்த எண்ணுறோம்?" என்று கேட்டான். வருவது வரட்டும் என்று சோக்குக் கட்டியை எடுத்து, பலகையில் ஒரு பெரிய கையைக் கீறி விரல் வரைகளை எல்லாம் போட்டுவிட்டாள்.

வியாழன் பத்து மணிக்கு இராஜநாயகம் வந்தார். ஒல்லியான மனிதர், சிரிப்பே இல்லை. பலகையில் இருந்த கையை நெடுநேரம் பார்த்தார். "இதென்ன, கைரேகை சாத்திரமோ?" என்றார். டீச்சருக்கு முந்தி ஜவாஹிறா எழும்பி விரலுக்கு மூன்று என்று விளக்கினாள். அவர் தலையாட்டிவிட்டு, "அப்பிடியெண்டால் சொல்லும் பாப்பம். முப்பத்து மூண்டு மூண்டு தரம் எவ்வளவு?" என்று கேட்டார்.

"நூறு, சேர்." யோசிக்கவே இல்லை, பட்டென்று சொன்னாள்.

"பிழை."

"இல்ல சேர். நூறுதான்."

அவர் கொப்பியை எடுத்து ஏதோ எழுதினார். வகுப்பிலேயே கெட்டிக்காரி ஜவாஹிறா. இவள் எங்கே வழுக்கினாள் என்று ஜெகதீஸ்வரிக்கே விளங்கவில்லை. வவுனியா முகாமின் தகரக் கொட்டகை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

அதற்குள் இரண்டாம் வரிசையில் சலசலப்பு. அழகுமுத்து யாரையும் கேட்காமல் பலகைக்கு ஓடிக் கட்டுக் கட்டாகக் கோடு போடத் தொடங்கிவிட்டான். அந்த வரிசையே சத்தமாக எண்ணியது. "பத்தொம்பது கட்டு, மிச்சம் நாலு. தொண்ணூத்தொம்பது! ஏய் ஜவாஹிறா, ஒங்க மூட்டையில ஓட்டை!"

"நீ போடா! எங்கட உம்மா ஒரு நாளைக்கு அஞ்சு தரம் எண்ணுற. நூறுதான் வார."

"எங்க, எண்ணு பாப்போம்."

அவள் முகம் சிவக்க முன்னால் வந்து வலது கையை நீட்டினாள். முப்பத்து மூன்று. திரும்பவும் முப்பத்து மூன்று. மூன்றாவதும் முடிந்தது. மண்டபமே அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தாமல், "பொறகு கடைசியா நீளமா ஒண்டு ஓதோணும். நூறு" என்று முடித்தாள். சொன்ன பிறகுதான் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

ஒன்றாம் வகுப்பு வாங்கிலிருந்து நேசமலர், "அந்த ஒண்ணுதான் சேர் கூட. அது மூணு தரத்துக்குள்ள இல்ல, வெளிய நிக்குது" என்றாள்.

இராஜநாயகம் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். "நீர் எந்த வகுப்பு?"

"ஒண்ணு, சேர்."

அவர் அந்தச் சின்ன வாங்கில் முழங்கால் முகத்தில் முட்ட உட்கார்ந்து, ஜவாஹிறாவைக் கிட்டக் கூப்பிட்டார். "விடை பிழைதான் பிள்ளை. அதை மாத்த ஏலாது. ஆனால் பிழை எங்கையிருந்து வந்தது எண்டு நீரே கண்டுபிடிச்சீர். கந்தோரிலை எங்களுக்கே அது கஷ்டம்." ஜெகதீஸ்வரி பக்கம் திரும்பி, "ஒரு கணக்கை மூண்டு வகுப்பும் செய்யுது. இதை ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?" என்றார்.

"இவையள்தான், சேர்."

அவர் சிரிக்கவில்லை. முன்பு எழுதியதை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, புதிதாக ஒரு பக்கம் எழுதினார்.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. நிரந்தரம் இல்லை, ஒரு வருஷம் வைத்திருக்கலாம் என்று. வெள்ளவத்தைப் பொலிஸில் மேசைக்காரர் அதை மேலும் கீழும் பார்த்து, "ஹரி டீச்சர், யன்ன", சரி போங்கள் என்று சிங்களத்தில் சொல்லி முத்திரை குத்திக் கொடுத்தார். வெளியே காலி வீதியில் நின்று, கூட வந்த மாமா கண்ணைத் துடைத்தார். தூசி விழுந்ததாம்.

அவள் நேரே கொட்டாஞ்சேனைக்குப் போய் ஜவாஹிறா வீட்டுக் கதவைத் தட்டினாள். உம்மா பலீலா பதறிப்போனாள். "டீச்சர், புள்ள பெரிய சேருக்கு முன்னால பிழை சொல்லிட்டாளாமே. நான் நல்லா ஏசின. மன்னிச்சுக்கோங்க."

"ஏசாதேங்கோ. அவள் சரியாச் சொல்லியிருந்தால் அவர் தலையாட்டிப்போட்டுப் போயிருப்பார். மற்றப் பிள்ளையளின்ரை வாயும் திறந்திராது, நானும் இண்டைக்கு இஞ்சை நிண்டிருக்க மாட்டன். உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தனான்."

பலீலாவுக்கு அரைவாசி விளங்கியது. ஆனாலும் உள்ளே கூட்டிக்கொண்டு போய், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, முன்னால் உட்கார்ந்தாள். ஜவாஹிறா தாயின் முதுகுக்குப் பின்னாலிருந்து, "நாளைக்கு என்ன கணக்கு டீச்சர்?" என்று கேட்டாள். இன்னும் யோசிக்கவில்லை என்றாள் ஜெகதீஸ்வரி. நாளைக்கும் அந்த மண்டபத்துக்குப் போகலாம் என்பதே அன்றைக்கு அவளுக்குப் போதுமாக இருந்தது.