மூன்று ரேடியோவுக்கும் ஒரே முகவரி

மாமாவின் கேபிள் டிவி கடையில் நாங்கள் இன்டர்நெட்டும் கொடுக்க ஆரம்பித்த புதிது. மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். கடை மரக்காணத்தில். மொட்டை மாடியில் ஒரு கம்பம், அதில் நெட்டைக் காற்றில் அனுப்பும் மூன்று ரேடியோ. ஒன்று மீனவர் குப்பத்து ஐஸ் பேக்டரிக்கு, ஒன்று இறால் பண்ணைக்கு, மற்றது உப்பளத்து எடைமேடை ஆபீஸுக்கு. நடுவில் மறைக்க ஒன்றும் கிடையாது, சிக்னல் ஜோராகப் போகும். உப்புக் காற்றில் போல்ட்டுதான் துருப்பிடிக்கும்.

சிக்கல் முகவரியில் வந்தது. மாடியில் தகரப் பெட்டிக்குள் பேட்டரியோடு இருந்த ரவுட்டரில் வயர் செருக ரேடியோக்களுக்கு மூன்று போர்ட், கீழே கடை கம்ப்யூட்டருக்கு ஒன்று. போர்ட்டுக்கு ஒரு ஐபி முகவரி, அதாவது நெட்டில் அதன் அடையாள நம்பர், என்பதுதான் வழக்கம். எங்களுக்கு லைன் கொடுத்தவர்களோ முகவரிகளைக் கொஞ்சம்தான் கொடுத்திருந்தார்கள். தேடிப் படித்ததில் ஒரு வழி கிடைத்தது: கடை போர்ட்டின் முகவரியையே மற்ற மூன்றும் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

"மூணு பக்கமும் ஒரே நம்பரா? கொழம்பிடாதா மச்சான்?" என்றார் மாமா.

"ஒவ்வொரு போர்ட்டுக்கும் அந்தாண்ட ஒரே ஆளுதான் மாமா. யாருக்கு எந்தப் பக்கம் போவணும்னு ரவுட்டர்ல எழுதி வெச்சிட்டேன்."

"இன்னாவோ பண்ணு. ஓடுனா சரி."

ஓடியது. ஆனால் கொஞ்ச நாளில் மத்தியான வேளைகளில் போன் வர ஆரம்பித்தது. மூன்று இடத்திலிருந்தும் ஒரே பாட்டு: "நெட் போயிடுச்சுங்க." மாடிக்கு ஓடினால் ரவுட்டர் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்கும். கம்பம் ஏறி, போல்ட்டை முறுக்கி, வெயிலில் வெந்து இறங்குவதற்குள் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். மாமா அதைத் தன் கைராசி என்று நம்பினார்.

ஒருநாள் எடைமேடை ஆபீஸில் பில் போடும் பெண் கடைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

"பாண்டிச்சேரி கம்பெனி ஒண்ணுல இன்டர்வியூ அண்ணா, வீடியோல. பதில் சொல்லிட்டிருக்கும்போதே கட்டாயிடுச்சு."

மாமா என்னைப் பார்த்தார். கல்லாவில் இருந்த அக்காதான் கேட்டாள்: "எந்நேரத்துக்கும்மா போச்சு?"

"சாப்பாட்டு நேரத்துலக்கா."

"நான் மெயின ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குப் போற நேரமாச்சே."

"மெயினா?" என்றேன்.

"ஆமா. ஃபேன், லைட்டு, கம்ப்யூட்டரு, ஆளில்லாம எதுக்கு ஓடணும்?"

எனக்குச் சுரீரென்றது. கம்ப்யூட்டர் அணைந்தால் அதன் போர்ட் விழும், போர்ட்டோடு முகவரியும் போகும், இரவல் வாங்கிய மூன்றும் கூடவே படுத்துவிடும். அக்கா திரும்பி வந்து மெயினைப் போட்டதும் எல்லாம் எழுந்துவிடும். பேட்டரியில் ஓடும் ரவுட்டர் மட்டும் விளக்கை எரியவிட்டு எங்களைக் கம்பம் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அக்காவின் முகம் வாடிவிட்டது. "உன்மேல தப்பில்லக்கா, நான் அட்ரஸ வெச்ச எடம் அப்படி" என்றேன்.

அன்றே மாற்றினேன். ரவுட்டருக்குள்ளேயே வயர் செருகாத போர்ட் ஒன்றை உண்டாக்கிக்கொள்ளலாம், லூப்பேக் என்பார்கள். ரவுட்டருக்கு உயிர் இருக்கும்வரை அது விழாது. முகவரியை அதில் வைத்து, மூன்று ரேடியோ போர்ட்டும் அதனிடம் இரவல் வாங்கும்படி செய்தேன். கடை கம்ப்யூட்டருக்கு வேறு நம்பர்.

"வயரே இல்லாத போர்ட்டா? அப்ப எவன் வந்து புடுங்குவான்!" மாமாவுக்கு ஏக சந்தோஷம். அக்கா மெயினை அணைத்தாள். ஐஸ் பேக்டரிக்குப் போன் போட்டோம். "நெட் வருதுங்க, இன்னா விஷயம்?" என்றார்கள்.

அந்தப் பெண் நடந்ததைச் சொல்லி மெயில் போட, கம்பெனி இன்னொரு நாள் கொடுத்தது. அதுவும் மத்தியானம். "இங்கயே வந்து பேசும்மா" என்று அக்கா கூப்பிட்டாள்.

"வேணாங்க்கா. பேச வேண்டிய பாயின்ட்டெல்லாம் ஆபீஸ் செவுத்துல ஒட்டி வெச்சிருக்கேன்."

அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. நானும் மாமாவும் மாடியில் நின்று, செய்ய வேலை எதுவும் இல்லாமல், வெயிலில் மின்னும் உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் போன் வந்தது.

"பேசி முடிச்சிட்டேன் அண்ணா. கட்டே ஆவல!"

வேலை கிடைத்தது. ஸ்வீட் பாக்ஸோடு கடைக்கு வந்தாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். மாமா ரெண்டு லட்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"ஏம்மா, உங்க கம்பெனிக்கு நெட் யார் குடுக்கறாங்க?"