ஓடாமலே பாஸான ஃபங்ஷன்

மாமா போனில் கத்தியபோது நான் அண்ணாமலை நகர் வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். "பேரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வருது. சாயங்காலம் போர்டக் கழட்டிடுவோம்னு சென்டர்ல சொல்றாங்க. ஒடனே கெளம்பி வா."

மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில், வரிசைப்படி பெயர் காட்டும் போர்டை மாமா மாட்டியிருந்தார். அவர் செய்த முதல் போர்டு. ஒரு வாரம் வைத்துப் பார்ப்பதாகத்தான் பேச்சு. புரோகிராம் என்னுடையது, சி மொழியில். பெயரை நகலெடுக்கும் ஃபங்ஷன், அதாவது குட்டி நிரல், போர்டில் இருந்த பழைய சிப்போடு ரெடிமேடாக வரும் லைப்ரரியில் கிடையாது. அதனால் நானே ஒன்று எழுதி, லைப்ரரியில் இல்லாவிட்டால் மட்டும் இதை எடுத்துக்கொள் என்று சேர்த்திருந்தேன். எந்த மெஷினிலும் ஓடும் என்று மாமாவிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

பஸ்ஸில் இருப்புக்கொள்ளவில்லை. லேப்டாப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். இரண்டு வாரம் டெஸ்ட் செய்தேன், ஒரு பெயர்கூடத் தப்பவில்லை. எல்லாம் மாமாவின் வயரிங் லட்சணம் என்று மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன். புதுச்சத்திரம் தாண்டிய பிறகுதான் உறைத்தது. டெஸ்ட் செய்ததெல்லாம் என் லேப்டாப்பில். அதன் லைப்ரரியில் அந்த ஃபங்ஷன் இருக்கிறது. இரண்டு வாரமும் ஓடியது அதுதான். நான் எழுதியது ஒரு தடவைகூட ஓடவில்லை.

திறந்து பார்த்தேன். பெயர் முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பூஜ்யம் வைக்க வேண்டும். வைக்கவே இல்லை. நீளமான பெயர் இருந்த இடத்தில் சின்னப் பெயரை எழுதினால் பழையதன் வால் அப்படியே நிற்கும். வெட்கத்தில் காது சுட்டது. திருத்த ஒரே ஒரு வரிதான்.

மஞ்சக்குப்பத்தில் இறங்கி, ஓட்டமும் நடையுமாகப் போய் அதைப் போர்டில் ஏற்றினேன். பெயர்கள் ஒழுங்காக வந்தன. போர்டைக் கழற்றவில்லை.

"ரெண்டு வாரமா எதத்தான் டெஸ்ட் பண்ண?" என்றார் மாமா.

அவர் சுவரோரம் கையைக் காட்டினார். பெரியம்மா வயதில் ஒருவர், உதடு வறண்டு, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க ஆறு மணிக்கே வந்தவர். மணி பத்தரை.

"எம்பேரு மாதிரிதான் வந்துது. பின்னாடி இன்னும் ஏதோ இருந்துது. வேற யாரோன்னு உக்காந்துட்டேன்" என்றார்.

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றேன்.

"மெஷினு பண்ணதுக்கு நீ என்னாம்மா பண்ணுவ?" என்று என் கையையே பிடித்துக்கொண்டு எழுந்தார். பரிசோதனை அறை வரைக்கும் அவரைக் கூட்டிப்போனேன். மெஷின் இல்லை, நான்தான் என்று கடைசிவரை சொல்லவில்லை.