அத்தையின் பெயரில் என் அம்மா

பீடித் தொழிலாளர்களுக்கான அரசாங்க டாக்டர் வேன் வாரத்துக்கு ஒருமுறை முக்கூடல் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அங்கே அத்தையின் பெயரைக் கூப்பிட்டால் என் அம்மா எழுந்து போவாள். முதல் தடவை துணைக்குப் போன எனக்கு அது தெரியாது. பெயரைக் கூப்பிட்டதும், அத்தைதான் வரவில்லையே என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நான்தான்" என்றாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

அப்பா இறந்த பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அம்மா. ஆற்றுக்கு இந்தப் பக்கம், முக்கூடலுக்கு பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஊர். வீட்டில் மாமா, அத்தை, அவர்களுடைய ஒரே மகள், நாங்கள் இரண்டு பேர். பீடிக்கடையில் ஒரு வீட்டுக்கு ஒரு பாஸ்புத்தகம்தான் கொடுப்பார்கள். இலையும் தூளும் அந்தப் பெயருக்கு வரும். வீட்டுக்குள் மாமியார், மருமகள், நாத்தனார் என்று யார் வேண்டுமானாலும் பீடி சுற்றலாம். கடைக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாது. புத்தகம் யார் பெயரில் இருக்கிறதோ அவளுக்கும் அவள் புருஷன் பிள்ளைகளுக்கும்தான் மருத்துவ அட்டை. எங்கள் வீட்டில் புத்தகம் அத்தை பெயரில். சுற்றுவதில் பெரும்பங்கு அம்மா. அத்தை வெட்டினால் பாதி இலை வீணாகும். அதை அவளிடம் சொல்லிவிட்டு அந்த வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

அம்மாவின் இருமலை முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. தூள் நெடியில் இருமாதவர் யார் எங்கள் தெருவில்? மெலிந்துகொண்டே போனபோது அத்தைதான் அட்டையை எடுத்து நீட்டினாள். "என் பேரச் சொல்லி ரெண்டு மாத்திர வாங்கிட்டு வா. போட்டோல மூஞ்சியா தெரியுது?" என்றாள். சாதாரண இருமல், ஒரு சீட்டு, ஒரு மருந்து என்று அவள் நினைத்தாள். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து டி.பி. என்று சொல்லிவிட்டார்கள். ஊசியும் மாத்திரையும் பல மாதம். இடையில் நிறுத்தினால் பிறகு மருந்தே கேட்காது என்று டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொன்னாள். முட்டைக்கும் பாலுக்கும் உதவித்தொகை வேறு. எல்லாம் அத்தையின் பெயரில்.

ஒரு நாள் சுகாதாரப் பணியாளர் சைக்கிளில் எங்கள் தெருவுக்கு வந்தார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க வந்தவர், தெருமுனையிலேயே இறங்கி, அத்தையின் பெயரைச் சொல்லி, "டி.பி. மாத்திரை சாப்பிடுறாங்களே, அவங்க வீடு எது?" என்று சத்தமாக விசாரித்திருக்கிறார். அவர் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் செய்தி தெரு முழுக்கப் போய்விட்டது.

அப்போது மாமா மகளுக்குச் சேரன்மகாதேவியில் மாப்பிள்ளை பேசி, பூ வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தி எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அன்று சாயங்காலமே வந்துவிட்டாள். "பொண்ணோட அம்மைக்கு இப்படின்னு கேள்விப்பட்டேன்..." என்று இழுத்தாள். "எனக்கு ஒண்ணும் கிடையாது. ஆள் மாறிச் சொல்லிட்டுப் போறாங்க," என்றாள் அத்தை. அது உண்மைதான். சித்தி அரைமனதாகத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் தொழிற்சங்கத்தார் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். இரவல் அட்டையில் மருந்து வாங்குகிறார்கள் என்று புகார் போய், நலத்துறை அதிகாரி ஒருவர் வந்திருந்தார். யாருக்கு மருந்து கொடுப்பது நியாயம் என்பதுதான் பேச்சு. சின்னப்பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தோம்.

"புக்கு இல்லாதவளுக்கும் குடுத்தா, நாளைக்கு ஊரே பீடி சுத்துதோம்னு வந்து நிக்கும். இந்தப் புக்குக்கு நான் கடை வாசல்ல நாயா நின்னுருக்கேன்," என்றாள் ஒருத்தி. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

வாத்தியார் மனைவி ஒருத்தி அதை ஆமோதித்தாள். அவளுக்கும் ஒரு புத்தகம் உண்டு. அவள் இலையைக் கையால் தொட்டதை ஊரில் யாரும் பார்த்ததில்லை. மூக்கில் இருந்த கண்ணாடி மட்டும் பீடித் தொழிலாளர் நல உதவியில் வந்தது. "வரைமுறைன்னு ஒண்ணு வேணும்லா?" என்றாள். அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். மாமியார் பெயரில் சுற்றுகிறவள். "எங்க மாமியா சீக்கில்லாம கல்லு மாதிரி இருக்கா. அட்டைய பெட்டியில வச்சுப் பூட்டியிருக்கா. நான் இருமி இருமிச் சாவுதேன். இரவலுக்குப் பேரு குடுக்கவும் ஒரு ஆளு வேணும்லா சார், அதுக்கு நான் எங்கன போவேன்?" என்றாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நானும்தான். நியாயம் கேட்க வந்த இடத்தில், எங்களைவிட நியாயம் உள்ளவள் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

பாளையங்கோட்டைக் கல்லூரியில் பட்டிமன்றம் பேசி எவர்சில்வர் தட்டு வாங்கியவள் நான். அன்று வாயைத் திறக்கவில்லை. என்ன பேசினாலும் அது அம்மாவில் வந்து நிற்கும்.

அதிகாரி கையிலிருந்த தாளைப் பார்த்தார். அத்தையின் பெயரை வாசித்தார். "டி.பி. மருந்து வாங்குறவங்க வந்திருக்காங்களா? எழுந்திருங்கம்மா, ஆளைப் பார்க்கணும்."

இரண்டு பெஞ்சு தள்ளி மாப்பிள்ளையின் சித்தி உட்கார்ந்திருந்தாள். அத்தைக்குப் பக்கத்தில் அவள் மகள். மருந்து வாங்குவது நான் இல்லை என்று அத்தை சொன்னால் கல்யாணம் நிற்காது. அம்மாவின் மருந்து நின்றுவிடும். அம்மா எழுந்திருக்கப் போனாள். அத்தை அவள் தோளில் கையை ஊன்றி, அவளை அழுத்தி உட்காரவைத்துவிட்டுத் தான் எழுந்தாள்.

"நான்தான் சார்."

"மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுதேன்."

"சிறுநீர் சிவப்பா போகுதா?"

அந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகும். அத்தைக்கு அது தெரியாது. அவள் ஒரு கணம் அம்மாவைப் பார்த்தாள். பிறகு, "போகுது சார்," என்றாள். ஆண்கள் நின்ற பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அத்தை சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். புத்தகம் இல்லாதவர்களின் கோரிக்கையை மேலிடத்துக்கு எழுதிப் போடுவதாகச் சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள்.

சேரன்மகாதேவியிலிருந்து பிறகு யாரும் வரவில்லை. அத்தை ஒன்றும் தியாகி இல்லை. ரொம்ப நாள் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பீடி சுற்றும் சுளகைத் தூக்கிக்கொண்டு வேறு மூலைக்குப் போய் உட்கார்ந்தாள். "எம் பேரத் தின்னுட்டா," என்று அடுப்போடு பேசினாள். ஆனால் மாத்திரை வேளை தப்பினால் மகளிடம் தண்ணீர் செம்பைக் கொடுத்து அனுப்புவாள். அந்தப் பெண் செம்பை வைத்துவிட்டு, அம்மா விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போவாள். அம்மா அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததே இல்லை. கடைசி மாத்திரைவரை சாப்பிட்டு அம்மா தேறினாள். எழுதிப் போட்ட கோரிக்கைக்குப் பதில் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. பின்வரிசையில் எழுந்து பேசிய பெண்ணைப் பற்றி நாங்கள் விசாரிக்கவும் இல்லை. விசாரிக்கப் பயமாக இருந்தது.

சில வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா விவரமானவள், ஏற்கெனவே ஊரில் விசாரித்திருந்தாள். "இந்த வீட்டுல யாருக்கோ டி.பி. வந்துச்சாமே?" என்றாள் கூடத்தில். உள்ளறையில் மாமா மகள் எனக்குத் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. என்னைவிட மூத்தவள்.

அத்தை பேசியது கேட்டது.

"வந்தது எனக்குங்க. நான் வேற வீட்டுல இருந்து வந்தவ, இந்தப் புள்ளைக்கும் எனக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. இவ அம்மைக்கு ஒரு சீக்கும் கிடையாது. நீங்க தாராளமா எடுக்கலாம்."

மாப்பிள்ளையின் அம்மா நிம்மதியாகச் சிரித்தது கேட்டது. அத்தையின் ரத்தம் யாரிடம் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அவளுக்கு இல்லை. அந்த ரத்தம் என் பின்னால், வாயில் கொண்டை ஊசியைக் கடித்துக்கொண்டு நின்றது.

எனக்குக் கழுத்து மடிந்துபோனது. அவள் ஊசியை வாயிலிருந்து எடுத்தாள்.

"தலைய நிமித்துட்டி," என்றாள். "பூ சரியுது."

என்னால் நிமிர முடியவில்லை. அவளே என் தாடைக்குக் கீழே கையைக் கொடுத்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பூவை வைத்து முடித்தாள்.