நடுங்க மறுத்த பீங்கான்

போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப்போன அந்த ஆண்டுகளில் மருதனார்மடச் சந்தியில் நான் வானொலி திருத்திக்கொண்டிருந்தேன். பற்றரி கிடையாது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, மிதித்து, டைனமோவில்தான் ஊர் செய்தி கேட்டது. படிப்பென்று எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கழற்றிப் பார்த்ததும் வந்தவர்களோடு கதைத்ததும்தான்.

பண்டத்தரிப்பில் ஒரு கணித மாஸ்ரர் இருந்தார். அவருடைய மனைவிக்கு இழுப்பு. மண்ணெண்ணெயில் எரியும் ஜாம் போத்தல் விளக்கின் புகை பட்டால் மூச்சு அடைத்துவிடும். பொழுதுபட்டதும் அந்த அக்கா கதிரையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார்.

"இவர் உள்ளை விளக்கோடை குடும்பம் நடத்திறார், நான் வெளியிலை நட்சத்திரத்தோடை" என்பார்.

ஆனால் மாரி நெருங்கிக்கொண்டிருந்தது. மழைக்குள் எங்கே போய் இருப்பது?

மாஸ்ரரிடம் விரல் நீளத்தில் ஒரு பீங்கான் பட்டை இருந்தது. வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த மச்சான், பென்சில் தடிப்பில் ஒரு குழல் விளக்கோடு சேர்த்துக் கொடுத்துவிட்டிருந்தார். பட்டையின் ஒரு பாதியில் சிறிய மின்னழுத்தத்தைச் சரியான வேகத்தில் மாற்றி மாற்றிக் கொடுத்தால், அது கண்ணுக்குத் தெரியாமல் அதிரும். அந்த அதிர்வு மறுபாதியில் பெரிய மின்னழுத்தமாக வெளியே வரும். செப்புச் சுருளே இல்லாத ட்ரான்ஸ்போமர்.

மாஸ்ரர் அதைக் கடதாசியில் ஒரு சுருளாகவும் ஒரு கொள்ளளவியாகவும் வீணாகும் அதிர்வுக்கு ஒரு தடையாகவும் வரைந்தார். எந்த வேகத்தில் உச்சம் வரும், விளக்கைப் பூட்டினால் அது எவ்வளவு இறங்கும் என்றெல்லாம் கணக்கிட்டார்.

"எரியும், ஐசே. கணக்குச் சொல்லுது."

அதிர்வு கொடுக்கும் சுற்றைப் பழைய ட்ரான்சிஸ்ரர்களால் நான் செய்தேன். அவர் வீட்டில் சைக்கிளை நான் மிதிக்க, அதிர்வின் வேகத்தை மாற்றும் குமிழை அவர் திருகினார். விளக்கு கண் திறக்கவில்லை.

"கணக்குச் சொன்னது விளக்குக்குக் கேக்கேல்லைப் போலை," முற்றத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

மாஸ்ரர் கோபிக்கவில்லை. வெளியே வந்த சொற்ப மின்னழுத்தத்தை அளந்தார். கடதாசியிலும் அதே அளவு வரும்வரை தடையைக் கூட்டிக்கொண்டே போனார். எங்கேயோ போய் நின்றது.

"பீங்கான் இவ்வளவு தின்னாது, ஐசே. ஆரோ அதைப் பிடிச்சு வைச்சிருக்கினம்."

இருவரும் பட்டையைப் பார்த்தோம். பலகையோடு அசையாதபடி சைக்கிள் ரியூப் நாடாவால் மாஸ்ரர் வரிந்து கட்டியிருந்தார். அந்தக் காலத்தில் எதைத்தான் நாங்கள் ரியூப் நாடாவால் கட்டவில்லை? விறகு, எண்ணெய்க் கான், முறிந்த குடைக்காம்பு. அதனால் அது கண்ணில் படவே இல்லை. பட்டையின் அதிர்வையெல்லாம் றப்பர் விழுங்கியிருந்தது.

"ஆளைக் கட்டிப்போட்டிட்டு, ஏன் ஆடேல்லை எண்டு கணக்குப் பாத்திருக்கிறன்," என்றார் மாஸ்ரர்.

பட்டை அதிரும்போதும் இரண்டு இடங்கள் சும்மா நிற்கும் என்று அவருடைய கணக்கிலேயே இருந்தது: இரு நுனியிலிருந்தும் கால் பங்கு உள்ளே. நாடாவை அறுத்து, அந்த இடங்களில் மட்டும் தையல் நூலால் கட்டித் தொங்கவிட்டோம். மறுபடி மிதித்தேன். குமிழ் ஓரிடத்துக்கு வந்ததும் குழலுக்குள் வெள்ளையாக வெளிச்சம் ஊறியது.

மாஸ்ரர் ஜாம் போத்தல் விளக்கை ஊதி அணைத்தார். கதவைத் திறந்து, புகை போகும்வரை பார்த்திருந்து, மனைவியைக் கூப்பிட்டார். அக்கா வந்து கதிரையை மேசையருகே போட்டு உட்கார்ந்தார். மூச்சு சீராக வந்தது.

"நல்லாத்தான் இருக்கு. தம்பி வீட்டை போனால்?"

"நான் மிதிப்பன்," என்றார் மாஸ்ரர்.

"மாரி முழுக்கவோ? அப்ப உந்த வயிறும் இறங்கும். தம்பி, இறங்கி அவருக்கு இடம் விடுங்கோ."

மாஸ்ரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.