எதிர்வீட்டில் பூட்டப்பட்ட மட்டைப் பை

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணி. இத்தனை வருடம் கழித்தும் அந்த நேரம் வந்தால் என் காது வாசலுக்குப் போய்விடுகிறது. பக்கத்து ஃபிளாட்டில் யாராவது காலிங் பெல் அடித்தால்கூட, "செல்வி வந்துட்டாளா?" என்று எழுந்துவிடுகிறேன்.

போன வாரம் வெளிநாட்டிலிருந்து மகள் நிவேதா பேசினாள். "டபுள்ஸ் பார்ட்னருக்கு முதுகு பிடிச்சிக்கிச்சும்மா, விலகிட்டா." நான் சோபாவைத் தேடி உட்கார்ந்தேன். "அப்புறம்?" "அப்புறம் என்ன, போன்ல ஒரு மெசேஜ் போட்டேன். வேற ஒருத்தி வரேன்னுட்டா. பேருதான் வாயில நுழையல. நாளைக்கு மேட்ச்." ஏதோ ஆட்டோ பிடித்த மாதிரி சொல்கிறாள்.

என் மகள் டென்னிஸ் ஆடிச் சம்பாதிக்கிறாள் என்றால் எல்லோர் கண்ணும் விரியும். இரட்டையர் ஆட்டம் மட்டும்தான் என்றதும் விரிந்த கண் பழைய அளவுக்கு வந்துவிடும். என் கணவரின் அண்ணன் ஒருமுறை, "பாதி கோர்ட்டைப் பாத்துக்கிட்டா போதும், சௌகரியமான வேலைதான்" என்றார். அன்று முதல் அவருக்கு நான் அரை டம்ளர் காபிதான் கொடுக்கிறேன்.

தனியாக ஆடும்போது அவளுக்குச் சீக்கிரமே மூச்சு வாங்கிவிடும். ஆனால் வலைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எந்தப் பந்தும் தாண்டாது. கொரட்டூர் ஏரிக்கரையில் வளர்ந்த பிள்ளை. படிக்கும்போதே பறக்கிற கொசுவை ஒற்றைக் கையால் பிடிப்பாள். கோச் இதைக் கண்டுகொண்டு, "இவ டபுள்ஸ் பொண்ணு மேடம், நல்ல ஜோடியா தேடுங்க" என்றார்.

ஜோடி தேடுவது என்றால் சாதாரணமா? புதுப் பந்து டப்பா திறக்கும் ரப்பர் வாசனைக்கு நடுவே, பெற்றோர்கள் நாங்கள் கோர்ட் கம்பிவேலியில் சாய்ந்துகொண்டு மற்றவர் பிள்ளைகளைப் பெண் பார்ப்போம். உயரம் எப்படி, இடது கையா, தோற்றால் அழுமா, அம்மாக்காரி கத்துவாளா. அப்படிக் கிடைத்தவள்தான் சேக்காட்டுச் செல்வி. இடது கைக்காரி. அவள் சர்வீஸ் போட்டால் எதிரில் நிற்கிற பெண் ஓர் அடி பின்னால் போவாள்.

அவள் அப்பா ஏகாம்பரம், சேக்காட்டில் தலைமுறையாக நெல் விளைத்த குடும்பம். நிலமெல்லாம் மனையான பிறகு தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். முதல் சந்திப்பிலேயே, "பாப்பா இன்னா நட்சத்திரம்?" என்றார். சொன்னேன். மறுநாள் போன். "ஏழு பொருத்தம் கீதும்மா. ஜமாய்ச்சிடலாம்."

"மீதி மூணு?"

"அதெல்லாம் புருஷன் பொண்டாட்டிக்கு. இதுங்களுக்கு எதுக்கு?"

அவர் ஜோசியம் பலித்ததோ என்னவோ, செல்வி வந்த பிறகுதான் நிவேதா கோர்ட்டில் சிரித்து நான் பார்த்தேன். தோற்ற நாளிலும் இரண்டும் ஒரே கரும்புச்சாற்றை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு வரும்.

பிறகு அவர்களுடைய முதல் பரிசுப் பணப் போட்டி வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கோர்ட். இரட்டையர் ஆட வேண்டுமானால் முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் இருவரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். காலையில்தான் நிவேதா ஒற்றையரில் தோற்றிருந்தாள். "டபுள்ஸும் நடக்கலன்னா இதோட மூட்டை கட்டிட்டு என்ட்ரன்ஸுக்குப் படி" என்று அவள் அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அன்று ஞாயிறு. கோர்ட்டில் காத்திருந்த எனக்கு நாலரைக்கு ஏகாம்பரத்தின் போன் வந்தது.

"யம்மா, லாரி பஞ்சர். ஊட்டுக்கு வர்றதுக்குள்ள ராகுகாலம் புட்ச்சிக்கிச்சி. ஆறு வரைக்கும் கீது. ஆனா பயப்படாத, பொறப்பாடு ஆயிட்ச்சி."

"கிளம்பிட்டீங்களா?"

"பொறப்பாடு ஆயிட்ச்சின்றேன். போன்லயே சொல்லி, பாப்பா பேட் பைய முன்னாடியே எதுத்த ஊட்ல வெச்சாச்சி."

எங்கள் பக்கத்திலும் உண்டு இது. நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதென்றால் பயணச் சாமானில் ஒன்றை முன்கூட்டியே வேறு வீட்டில் வைத்துவிட்டால் போதும், கிளம்பியதாகவே கணக்கு. பிறகு எந்த நேரத்திலும் அதை எடுத்துக்கொண்டு போகலாம்.

"அப்ப எடுத்துட்டு வந்துடுங்களேன்!"

"அங்கதாம்மா சின்ன சிக்கல். எதுத்த ஊட்டம்மா கதவப் பூட்டிகினு வானகரத்துல ரிசப்ஷனுக்குப் பூட்ச்சி."

"கையெழுத்துக்கு மட்டை எதுக்குங்க? செல்விய மட்டும் கூட்டிட்டு வாங்க!"

"பை இல்லாம கெளம்பினா இப்பதான் கெளம்பின கணக்கா ஆய்டுமே. ராகுகாலத்துல!"

யோசித்துப் பார்த்தேன், அவர் தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. சாவி வாங்க அவரே வானகரம் போவதாகச் சொன்னார். "இப்ப நீங்க கிளம்பலாமா?" என்று கேட்டேன். "நான் சாவிக்குத்தானம்மா போறேன், கப்புக்கா போறேன்?"

ஐந்தேகாலுக்கு மறுபடி பேசினார். "இங்க எல்லா மண்டபத்துலயும் ரிசப்ஷன் நடக்குதும்மா. ஒவ்வொண்ணா பூந்து பாத்துகினு கீறேன். ஒரு எடத்துல பொண்ணு ஊட்டுக்காரன்னு நெனச்சி பன்னீர் தெளிச்சிட்டாங்க."

இங்கே இன்னோர் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் மகளின் ஜோடிக்குக் காய்ச்சலாம். "உங்க பொண்ணும் தனியா நிக்குது, என் பொண்ணும் தனியா நிக்குது. சேத்துடலாமே?" அந்தப் பெண் செல்வியைவிடத் தரவரிசையில் மேலே. என் தலை என்னைக் கேட்காமலே ஆடத் தொடங்கியது.

நிவேதா பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "செல்வி வருவா."

"வரலைன்னா? அப்பா சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு. வரலைன்னா படிக்கிறேன்."

இதைச் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். நான் அந்த அம்மாவிடம், "கொஞ்சம் பொறுங்க" என்றேன். அவர் பொறுத்தார், ஆனால் தன் மகளைக் கையெழுத்து வாங்கும் மேசைக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டார்.

அந்தக் கோர்ட் இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய கிடங்கு. வாசலில் லாரிகள் நிற்கின்றன. வேலியில் சாய்ந்து ஜோடி தேடும் அம்மா அப்பாக்களை எங்கேயும் காணோம்; பிள்ளைகள் போனிலேயே பார்த்து, போனிலேயே பேசி, போனிலேயே பிரிந்துவிடுகிறார்கள். செல்வி முட்டி போய், ஆவடியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஏகாம்பரம் இப்போது இல்லை. என் மகளின் புது ஜோடிக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்க இந்த உலகத்தில் ஆளே கிடையாது.

அன்று ஆறு மணிக்குச் சற்று முன் ரெஃப்ரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். அப்போது வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ நிற்காமல் நகர, அதிலிருந்து செல்வி குதித்தாள். ஒரு காலில் அவள் செருப்பு, மறுகாலில் அவள் அப்பாவின் செருப்பு. பை இல்லை. அப்பாவும் இல்லை. நேராக மேசைக்கு ஓடிவந்து என் முன்னால் கையை நீட்டினாள்.

"பேனா குடுங்க ஆன்ட்டி, சீக்கிரம்! எங்கப்பா சாவி எட்த்துகினு வந்தார்னா, ஆறு மணிக்கு மேலதான் கையெழுத்து போடணும்பாரு!"