பதினைந்து நாள் மலர் மருந்து

எங்கள் நாய்க்கு இடது கண் தெரியாது. கேட்பவர்களிடம் "வயசாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஆறு வயதுதான் ஆகிறது. நாளையும் கிழமையையும் தப்பாமல் எழுதிவைக்கும் பழக்கமுள்ள நான் தெரிந்தே சொன்ன தவறான தகவல் அது. சொன்னது ஒன்று, சொல்லாமல் விட்டது ஒன்று என்று இன்னும் இரண்டு உண்டு. அவற்றை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கிழக்குத் தாம்பரத்தில் இருபத்தெட்டு வருடம் இருந்த தனி வீட்டை இடித்து அடுக்ககம் கட்டுவதற்குக் கட்டுநர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். புது வீடு தயாராகும் வரை சேலையூரில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு வந்தோம். ஆவணி மாதக் கடைசி ஞாயிறு, காலை பத்தரை மணிக்குப் பால் காய்ச்சினோம். நாயை லிஃப்டில் ஏற்றப் பதினைந்து நிமிடம் ஆனது. மண்ணைத் தவிர வேறு தரை அறியாதவள் வழவழப்பான டைல்ஸில் நான்கு கால்களையும் அகட்டி வைத்து நின்றாள். நானும் மனைவியும் சேர்ந்து வெளியே போனால் கதவைப் பிறாண்டி ஊளையிட்டாள். நடை கூட்டிப்போகும்போது இடிபாடு கிடக்கும் பழைய தெருவின் முனையில் நின்றுவிடுவாள். நகர்த்த முடியாது. பிறகு நானே அந்தப் பக்கம் போவதை நிறுத்தினேன். எனக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அவளுடைய துயரம் உண்மை. அதில் நான் தவறவில்லை. தவறு அதற்குப் பிறகு வருகிறது.

ஓய்வு பெற்ற பின் குரோம்பேட்டையில் ஒரு மண்டபத்தில் நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மலர் மருத்துவம் கற்றிருந்தேன். முப்பத்தெட்டு மருந்துகள், ஒவ்வொன்றும் ஒரு மனநிலைக்கு. பழையதை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு ஹனிசக்கிள், இடமாற்றம் தாங்காதவர்களுக்கு வால்நட், இன்னதென்று தெரிந்த பயத்துக்கு மிமுலஸ். மனிதர்களுக்கு மட்டுமல்ல, வீட்டுப் பிராணிகளுக்கும் தரலாம் என்று வகுப்பில் சொன்னார்கள். அதற்கு முன்பே நாய்களின் மனம் பற்றி மூன்று புத்தகங்கள் படித்து, ஓரங்களில் குறிப்பும் எழுதியிருந்தேன். எனக்கு இது போதுமானதாகத் தோன்றியது.

மேற்குத் தாம்பரத்தில் ஹோமியோபதி மருந்து விற்கும் கடையில் மூன்று குப்பிகளையும் வாங்கிவந்தேன். தீபாவளிக்குச் சரியாக ஏழு நாள் முன்னதாக ஆரம்பித்தேன். நீண்ட கணக்குநோட்டு ஒன்றை எடுத்து ஐந்து கட்டம் போட்டேன். நாள், நேரம், துளி, கண்டது, பொருள். முப்பத்து நான்கு வருடம் ஓர் அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் வேலை பார்த்தவனுக்குக் கட்டம் போட்டால்தான் வேலை ஆரம்பித்த மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு நான்கு வேளை, வேளைக்கு நான்கு துளி. இரண்டு துளி தண்ணீர்க் கிண்ணத்தில். இரண்டு துளி காதுமடலின் உட்புறத்தில் விரலால் தடவுவது.

மூன்றாம் நாள் தடவும்போது காதின் ஓரத்தில் ஓர் உண்ணி அகப்பட்டது. பிடுங்கிப் போட்டேன். அதையும் எழுதினேன்.

ஐந்தாம் நாள் பிறாண்டல் நின்றது. நாங்கள் இருவரும் வங்கிக்குப் போய்த் திரும்பினோம். ஊளையில்லை, கீழ் வீட்டிலிருந்து புகாரும் இல்லை. ஆறாம் நாள் காலைச் சாப்பாட்டில் பாதியை மீதம் வைத்தாள். 'மனம் அமைதியடைந்ததால் ஆவேசப் பசி குறைந்தது' என்று ஐந்தாவது கட்டத்தில் எழுதினேன். அந்த வரியை எழுதி முடித்து, வாக்கிய நடை நன்றாக இருக்கிறதென்று இன்னொரு முறை படித்தது நினைவிருக்கிறது.

எட்டாம் நாள் தீபாவளி. முந்தைய ஐந்து தீபாவளிகளும் என்னிடம் குறிப்பாக உண்டு. முதல் வெடிக்கே கட்டிலுக்கடியில் போய் நடுங்கி, சிறுநீர் விட்டு, மறுநாள் மதியம்வரை வெளியே வராதவள். அந்த வருடம் சேலையூர் முழுக்கச் சரவெடி வெடிக்க, அவள் கூடத்தின் நடுவில் படுத்துத் தூங்கினாள். காதுகூட அசையவில்லை.

"என்னங்க, இவ இப்படித் தூங்கறா?" என்றாள் மனைவி.

"மிமுலஸ்" என்றேன்.

"அதெல்லாம் சரி. தொட்டுப் பாருங்க, சுடுதே."

"அடுப்பங்கரைப் பக்கமே படுத்திருந்தா சுடத்தான் செய்யும்."

அன்று சாயங்காலமே நோட்டின் எட்டு நாள் பக்கங்களையும் சுத்தமாக ஓர் அட்டவணையாகப் படி எடுத்து, படம் பிடித்து, அடுக்ககத்தின் வாட்ஸாப் குழுவில் போட்டேன். 'பட்டாசுப் பயத்துக்குத் தீர்வு: எட்டு நாள் பதிவு.' நாங்கள் அங்கே குடிவந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதுவரை குழுவில் எங்களைப் பற்றி வந்தது ஊளைப் புகார் மட்டும். இப்போது கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. "சூப்பர் அங்கிள்" என்றார்கள். இரண்டாம் மாடியில் பூனை வளர்க்கும் பெண்மணி மருந்தின் பெயர்களைக் கேட்டார். ஒருவர், "எங்க வீட்டுக்காரருக்கும் குடுக்கலாமா அங்கிள்? சண்டே வந்தா ஊளையிடறாரு" என்று எழுதினார். நான்கு முறை அந்தக் குழுவைத் திறந்து பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் அவளுடைய இடது கண் சிவந்திருந்தது. அதற்கும் ஒரு பொருள் எழுதினேன். பதினைந்தாம் நாள், வியாழன், காலை ஆறு பத்துக்கு வெள்ளை டைல்ஸில் சொட்டுச் சொட்டாக ரத்தம். மூக்கிலிருந்து வந்தது. மனைவி துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ கூப்பிடக் கீழே இறங்கினாள்.

கால்நடை மருத்துவர் இளம்பெண். மேசைமேல் நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. வயிற்றுத் தோலில் ஊதாப் புள்ளிகளைக் காட்டினார். நான் அவற்றைப் பார்த்ததேயில்லை.

"எத்தனை நாளா டல்லா இருக்கு சார்?"

"ரெண்டு மூணு நாளா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாய் தானாகச் சொன்னது. கோப்பில் நாள் தவறாக இருந்தால் அடுத்த மேசைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டவன் நான்.

மனைவி என் பக்கம் திரும்பவில்லை. மருத்துவரைப் பார்த்தே சொன்னாள். "பத்து நாளுக்கு மேல இருக்கும் டாக்டர். இவர் எல்லாம் எழுதி வெச்சிருக்கார். பையிலதான் இருக்கும், வாங்கிப் பாருங்க."

நோட்டு பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மருத்துவர் புரட்டினார். முதலில் புரியாமல் பார்த்தவர், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருந்துச்சீட்டுப் புத்தகத்தை எடுத்து ஐந்தாவது கட்டத்தின் மேல் மறைத்து வைத்துக்கொண்டு, நான்காவதை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தார்.

"மூணாம் நாள் உண்ணி. அஞ்சாம் நாள் சத்தம் இல்ல. ஆறாம் நாள் சாப்பாடு குறைவு. எட்டாம் நாள் அசையாம தூக்கம், உடம்பு சூடு. பத்தாம் நாள் மாடிப்படி ஏறல." பேனாவால் ஒவ்வொன்றையும் தம் தாளில் குறித்துக்கொண்டார். "ரொம்ப க்ளியரா இருக்கு சார். இவ்வளவு கரெக்டா யாரும் எழுதிக் கொண்டு வரமாட்டாங்க."

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்து ரத்தத்தில் கலக்கும் கிருமி. ரத்தம் உறையத் தேவையான அணுக்கள் மிகவும் குறைந்துவிட்டன என்றார். தீபாவளியன்று அவள் பயப்படாமல் இருந்தது தைரியத்தால் அல்ல. பயப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. பன்னிரண்டாம் நாள் வரிக்கு வந்தபோது கண்ணில் விளக்கடித்துப் பார்க்கவேண்டும் என்று எழுந்தார். அப்படி எழுந்தபோது மருந்துச்சீட்டுப் புத்தகமும் நகர்ந்தது. மறைந்திருந்த கட்டத்தை மனைவி படித்தாள்.

'பழைய வீட்டை நினைத்து அழுதிருப்பாள் போலும். ஹனிசக்கிள் கூட்டவும்.'

அவள் நோட்டை மூடித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கண்ணுக்குள்ளே ரத்தம் கசிந்திருந்தது. உயிரைக் காப்பாற்ற முயற்சி செய்யலாம், கண்ணைப் பற்றி இப்போது சொல்ல முடியாது என்றார் மருத்துவர். முன்னாலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்தேன். "அதையும் சொல்ல முடியாது சார்" என்றார். நான்கு நாள் டிரிப்ஸ் ஏறியது. பிறகு நான்கு வாரம் மாத்திரை. மாத்திரை கொடுப்பதை மனைவி எடுத்துக்கொண்டாள். சமையலறை நாட்காட்டியில் நாளுக்கு இரண்டு டிக் போட்டாள். நான் பேனாவை எடுத்தபோது, "நீங்க எழுத வேணாம். அவளைப் புடிச்சுக்கோங்க, போதும்" என்றாள். பிடித்துக்கொண்டேன். ரத்தம் தேறியது, பசி வந்தது, கதவுப் பிறாண்டலும் திரும்ப வந்தது. கண் வரவில்லை.

குழுவில் போட்ட அட்டவணையை நீக்க முடியாத அளவு நாளாகிவிட்டிருந்தது. 'அதை யாரும் பின்பற்றவேண்டாம், நாய்க்கு உடம்பு சரியில்லாததை நான் கவனிக்கவில்லை' என்று ஒரு செய்தி தட்டச்சு செய்து, மூன்று வாரம் அனுப்பாமல் வைத்திருந்து, பிறகு அனுப்பினேன். அதற்கு இரண்டு கூப்பிய கைகள் வந்தன. இரண்டாம் மாடிக்கு மட்டும் நேரில் போய்ச் சொன்னேன். பூனைக்கு ஒன்றுமில்லை, அது மருந்துக் கிண்ணத்தைத் தொடவே இல்லையாம்.

இதுவரை எழுதியதில் ஒன்றை விட்டிருக்கிறேன். நோட்டிலும் அதை விட்டிருந்தேன். மருத்துவர் அவ்வளவு பாராட்டிய பதிவில் ஒன்பதாம் நாளின் நான்காவது கட்டம் முழுமையானதல்ல.

தீபாவளிக்கு மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு நாயைக் கீழே கூட்டிவந்தேன். எங்கள் வாசலுக்கு எதிரே புங்கை மரத்தடியில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடும் பெண் ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். கரிப்பெட்டியை ஊதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், நாய் ஒரு மாரியா கீது?"

"இடம் மாறினதுல மனசு சரியில்லம்மா. மருந்து குடுக்கறேன். இப்ப எவ்வளவோ தேவலை."

"மனசா? நாய்க்கு இன்னா சார், மாமியா கொடுமையா?" என்று சிரித்தார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து குந்தி உட்கார்ந்து அவளுடைய மூக்கில் புறங்கையை வைத்தார். "காஞ்சு கீது பாரு. வாயத் தொறந்து ஈறு பாரு சார். எங்க தெருவுல ரெண்டு இப்டித்தான் சோந்து பூட்ச்சு. உண்ணிக் காய்ச்சல். டாக்டராண்ட இட்டுகினு போ, ஊசி போட்டா எய்ந்துக்கும்."

நான் சிரித்தேன். எப்படிப்பட்ட சிரிப்பென்று எனக்குத் தெரியும்; என் மேலதிகாரிகள் என்னிடம் அப்படிச் சிரித்திருக்கிறார்கள். "பாக்கறேன்மா" என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். வாட்ஸாப் குழுவைத் திறந்தேன். புதிதாக ஆறு பேர் கைதட்டியிருந்தார்கள். நோட்டில் 'காலை நடை, சுருக்கமாக' என்று எழுதினேன். பால் பாக்கெட் தாமதமாக வந்ததைக்கூட எழுதுகிற நான், அவர் சொன்னதை எழுதவில்லை. மறந்து விடவில்லை. எழுதினால் ஐந்தாவது கட்டத்தில் அதற்கு ஒரு பதில் எழுதவேண்டியிருக்கும். மனைவிக்கு இது இன்னும் தெரியாது.

மார்கழி பிறந்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை நாயைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போனேன். அதுவரை ஐந்து வாரம் பின்வாசல் வழியாக நடை போய்க்கொண்டிருந்தேன். பள்ளிச் சீருடை ஒன்றை விரித்து மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், ஆளையே காணோம்? கண்ணு இன்னா ஆச்சு அதுக்கு?"

வயதாகிவிட்டது என்று சொல்ல வாய் வந்தது. நிறுத்திக்கொண்டேன். "உண்ணிக் காய்ச்சல். நீங்க அன்னைக்கே சொன்னீங்க."

"நானா? எப்போ?"

தீபாவளிக்கு மறுநாள், வெள்ளைச் சட்டை ஒன்றை வண்டியில் விரித்து வைத்திருந்தீர்கள், குந்தி உட்கார்ந்து மூக்கைத் தொட்டீர்கள், டாக்டரிடம் போகச் சொன்னீர்கள் என்று வரிசையாகச் சொன்னேன். அவருக்கு நினைவில்லை. தெருவில் போகிற ஒருவரிடம் சொல்லும் ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

"அப்புறம் எப்ப இட்டுகினு போன?"

"ஆறு நாள் கழிச்சு. மூக்குல ரத்தம் வந்தப்புறம்."

பெட்டியைத் தாங்கியின்மேல் வைத்தார். "நான் சொன்ன அன்னிக்கே போயிருந்தா கண்ணு தப்பிச்சிருக்குமா?"

"சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னாங்க."

"டாக்டர் சொன்னது கெடக்கட்டும். நீ இன்னா நெனைக்கிற?"

கண் சிவந்தது பன்னிரண்டாம் நாள். அவர் சொன்னது ஒன்பதாம் நாள். "தப்பிச்சிருக்கும்" என்றேன்.

அவர் சீருடையை மடித்து அடுக்கில் வைத்தார். நாய் தரையை முகர்ந்தபடி வண்டியின் கால் பக்கம் நகர்ந்தது. கரி கொட்டும் தகர டப்பா அங்கேதான் இருந்தது. கங்கு இன்னும் சிவப்பாக இருந்தது.

"சார், சார், இந்தப் பக்கம் இழு! நெருப்பு கீது. அதுக்கு அந்தப் பக்கம் தெரியாது" என்றார்.

கயிற்றைச் சுண்டி இழுத்து அவளை என் வலப்பக்கத்துக்குக் கொண்டுவந்தேன்.