பக்கத்து சீட்டுக் கடிகாரம்

லீவுக்கு ஜப்பானிலிருந்து ஊருக்கு வந்தும் என் கடிகாரத்தை நான் மாற்றி வைக்கவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுப் பெரியவரின் கடிகாரமும் அதே ஜப்பான் நேரத்தைக் காட்டியது. மழித்த முகம், கசங்காத வெள்ளைச் சட்டை. அவர் மலையைப் பார்க்கவே இல்லை. வளைவுக்கு வளைவு மணி பார்த்தார்.

"ஜப்பான்ல யாருங்க இருக்காங்க?"

"என் பையன்தான் தம்பி. படிக்கப் போனான். லீவுல மலையேறிக்கினு இருக்கான்."

"எப்ப வருவாரு?"

"லீவு முடியட்டும்."

அவர் இறங்கியதும் கண்டக்டர் சொன்னார்: "அந்தப் பையன் அங்க மலையேறப் போயி காணாம பூட்டான் சார். அது ஆச்சு பல வருசம்."

அடுத்த லீவில், ஜப்பானில், நண்பர்கள் மலையேறக் கூப்பிட்டார்கள். மணி பார்த்தேன். இந்நேரம் அவரும் இதே மணியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது.

நான் போகவில்லை.